வியாழக்கிழமை போகாத வீடு

அவருக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது. வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் அதைப் பார்த்திருக்கிறேன். மற்றபடி கடையிலும் தெருவிலும் வாடிக்கையாளர் வீடுகளிலும் அவர் டிஷ்யூதான். சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு டிஷ்யூ பேப்பர் சுருள் பிதுங்கிக்கொண்டிருக்கும். சளிக்காரர் என்று நினைத்துப் பேருந்தில் தள்ளி உட்கார்ந்தவர்கள் உண்டு. அது அவருடைய தொழில் கருவி என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? வீட்டு மீன் தொட்டி எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடித்து அடைப்பது அவர் வேலை.

நாங்கள் இருவரும் வேலை பார்த்தது ஒரு வண்ண மீன் கடையில். முன்பக்கம் நான். மீனைப் பிடித்து, பையில் காற்றடைத்து, ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுப்பேன். போன் வந்தால் எடுப்பேன். பின்பக்கக் கொட்டகையில் அவர். அங்கே கண்ணாடி வெட்டுவார், தொட்டி ஒட்டுவார். கண்ணாடியை ஒட்டும் சிலிக்கான் பசை காயும்போது வினிகர் வாசனை அடிக்கும். அவர் சட்டை, கைக்குட்டை, தலைமுடி எல்லாவற்றிலும் அந்த வாசனைதான். அவர் மனைவியை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். "ஊறுகாய் ஜாடிக்கு வாக்கப்பட்ட மாதிரி இருக்கு" என்று அண்ணி சொல்வார். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

ஒழுகுகிறது என்று போன் வந்தால் அவர் முதலில் கேட்பது, "துடைச்சீங்களா?" என்பதுதான். ஈரத்தில் ஈரத்தைத் தேட முடியாது என்பது அவர் கட்சி. வீட்டுக்குப் போனதும் தொட்டியின் வெளிப்பக்கம், மேசை, தரை, குழாய்கள் எல்லாவற்றையும் பொட்டு ஈரமில்லாமல் துடைப்பார். தண்ணீர் நிற்கும் மட்டத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டி அடையாளம் வைப்பார். பிறகு டிஷ்யூவை விரல் அகலத்துக்குக் கிழித்து நான்கு மூலைகளிலும் அடி விளிம்பிலும் குழாய் சேரும் இடங்களிலும் வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். எந்தத் துண்டு முதலில் நனைந்து கறுக்கிறதோ அங்கேதான் கோளாறு. எதுவுமே கறுக்காமல் டேப்புக்குக் கீழே மட்டம் இறங்கினால், தண்ணீர் காற்றில்தான் போகிறது, மூடியைச் சரியாகப் போடுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார்.

ஒரு வீட்டிலிருந்து மூன்று முறை கூப்பிட்டார்கள். மூன்று முறையும் டிஷ்யூ காய்ந்தே கிடந்தது. நான்காவது முறை அவர் அந்த வீட்டு நாற்காலியில் இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தார். ஒரு பூனை வந்து தொட்டிக்குள் கையை விட்டு, மீன் மாட்டாமல், கையை நன்றாக உதறிவிட்டுப் போனது. "டேங்க் ஒழுகலைங்க, உங்க பூனைதான் ஒழுகுது" என்று சொல்லிவிட்டு வந்தார். கடையில் ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

இப்படி ஒரு மனிதர், தன் கை வேலை சரியில்லை என்று பெயர் வாங்கிக்கொண்டு செத்துப்போனார். அதைத்தான் சொல்ல வந்தேன்.

டீச்சர் என்று நான் சொல்லப்போவது ஒரு கணக்கு டீச்சரை. ஐம்பது வயது தாண்டியவர். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு நேராகக் கடைக்கு வந்தார். தோளில் பை, விரல்களில் சாக்பீஸ் தூள். அவர் வீட்டுக்காரர் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து இடது கையும் காலும் பாதி விழுந்துவிட்டன. தடியூன்றி வீட்டுக்குள் நடப்பார், பேச்சு கொஞ்சம் குழறும். "முப்பத்தஞ்சு வருஷம் தெருத் தெருவா சுத்தினவர். இப்ப சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கார். பாக்கறதுக்கு ஏதாவது அசையுற மாதிரி வேணும்" என்றார் டீச்சர்.

மூன்றடித் தொட்டி ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். டிஷ்யூ அண்ணன் அதை ஒட்டி, இரண்டு நாள் காயவிட்டு, கொட்டகையிலேயே தண்ணீர் நிரப்பி ஒரு நாள் வைத்துப் பார்த்து, அப்புறம்தான் டீச்சர் வீட்டுக்குக் கொண்டுபோனார். உதவிக்கு நானும் போனேன். அதை வைக்க ஒரு மர அலமாரி அங்கே தயாராக இருந்தது. மரம் என்றால் மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. இவர் ரசமட்டம் வைத்துப் பார்த்து, தொட்டிக்கு அடியில் தெர்மோகோல் விரித்து, தொட்டியைத் தூக்கி வைத்தார். குமிழி விடும் காற்று பம்ப்பைத் தொட்டிக்கு மேலே சுவரில் ஆணி அடித்து மாட்டினார். டீச்சர் உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தார். தபால்காரர் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மேற்பார்வை செய்துகொண்டிருந்தார்.

"சார், இந்த பம்ப் எப்பவும் தண்ணி மட்டத்துக்கு மேலதான் இருக்கணும். கரண்ட் போச்சுன்னா தண்ணி ட்யூப் வழியா திரும்பி வரும். கீழே வச்சீங்கன்னா அப்படியே தரைக்கு இறங்கிடும்."

தபால்காரர் தலையாட்டினார்.

"அப்புறம், என்னைக்காவது தண்ணி கொட்டுச்சுன்னா மூணே வேலைதான். முதல்ல ப்ளக்கைப் பிடுங்குங்க. ரெண்டாவது ஒரு பக்கெட். மூணாவது எனக்கு போன்."

"ப்ளக், பக்கெட், போன்" என்று தபால்காரர் குழறலாகத் திருப்பிச் சொன்னார். சொல்லிவிட்டுத் தன் நினைவாற்றலை நினைத்துத் தானே சந்தோஷப்பட்டுக்கொண்டார்.

அதற்கப்புறம் டீச்சர் மாதம் ஒருமுறை தீனி வாங்க வருவார். வரும்போதெல்லாம் வீட்டுக்காரர் கதைதான். கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு ஒரே இடத்தில் கிடக்கும் பாசி தின்னும் மீனுக்கு அவர் போஸ்ட்மாஸ்டர் என்று பெயர் வைத்திருந்தார். ஓடிக்கொண்டே இருக்கும் சின்ன மீன்கள் எல்லாம் தபால்காரர்களாம். "காலைல எழுந்ததும் போஸ்ட்மாஸ்டர் இடத்தை விட்டு எழுந்தாரான்னு பாக்குறார். இல்லைன்னா அவருக்கு ஒரு சிரிப்பு" என்று டீச்சர் சொல்வார். அதைச் சொல்லும்போது அவருக்கும் ஒரு சிரிப்பு வரும்.

ஏழெட்டு மாதம் போயிருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை போன் வந்தது, நான்தான் எடுத்தேன். அலமாரியின் அடியில் நாலைந்து நாளாக ஈரமாக இருக்கிறது, துடைத்தாலும் மறுநாள் வந்துவிடுகிறது என்றார் டீச்சர். டிஷ்யூ அண்ணனைக் கூப்பிட்டுக் கொடுத்தேன்.

"நிறையவா கொஞ்சமா டீச்சர்? கையகலமா? அது கண்ணாடி வேர்த்து இறங்குறதா இருக்கும். இல்லைன்னா தண்ணி மாத்தும்போது சிந்தியிருக்கும். நல்லா துடைச்சு வைங்க. வியாழக்கிழமை மத்தியானம் நான் வந்து பாக்குறேன்."

நான் அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பலகையில் குத்தி வைத்தேன். டீச்சர் வீடு, வியாழன், ஈரம்.

அந்த வாரம் அவருக்கு வேலை முதுகை ஒடித்தது. ஒரு ஓட்டலின் முகப்பில் வைக்க ஆறடித் தொட்டி ஒன்று. புதன்கிழமை முழுவதும் குனிந்தபடியே ஒட்டினார். வியாழன் மதியம் இரண்டு மணிக்கு முன்பக்கம் வந்தபோது கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "வீட்டுக்குப் போய் சாப்பிட்டுட்டு அப்படியே டீச்சர் வீட்டுக்குப் போயிடுறேன்மா" என்றார். சரி என்றேன். மறுநாள் காலை அவர் வந்ததும் நேராகக் கொட்டகைக்குப் போய்விட்டார். சீட்டு பலகையிலேயே இருந்தது. போனீர்களா என்று நான் கேட்டிருக்கலாம். கடையில் கூட்டம், வாயில் ரப்பர் பேண்ட், கையில் மீன் பை. கேட்கவில்லை.

திங்கட்கிழமை டீச்சரின் பக்கத்து வீட்டம்மா ஒரு பக்கெட்டைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். உள்ளே மீன்கள். போஸ்ட்மாஸ்டர் பக்கெட்டின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. "டீச்சர் கொடுக்கச் சொன்னாங்க. சனிக்கிழமை டேங்க் ஒழுகி வீடெல்லாம் தண்ணி. அவர் வழுக்கி விழுந்துட்டார். இடுப்பு எலும்பு போச்சு. ஆஸ்பத்திரியில இருக்காங்க."

டிஷ்யூ அண்ணன் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தபோது அவர் பலகைக்கு எதிரே நின்றார். சீட்டைப் பிடுங்கி மடித்துச் சட்டைப் பையில் டிஷ்யூவுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். முகம் விழுந்துவிட்டது.

தபால்காரருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. நன்றாகத்தான் இருக்கிறார் என்றார்கள். பிறகு நெஞ்சில் சளி கட்டியது. பத்தொன்பதாவது நாள் போய்விட்டார்.

டிஷ்யூ அண்ணன் வேலைக்கு வந்துகொண்டுதான் இருந்தார். ஆனால் மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிடப் போவதை நிறுத்திவிட்டார். கொட்டகையிலேயே நின்றபடி ஏதாவது தின்பார். ஒட்டி முடித்த தொட்டியை ஒரு நாளுக்குப் பதில் நாலு நாள் தண்ணீர் வைத்துப் பார்ப்பார். முதலாளி சலித்துக்கொண்டார். இப்படியே இரண்டு மாதம் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, "தங்கச்சி, டீச்சர் வீடு வரைக்கும் என்கூட வர்றியா? தனியாப் போனா வாசல்லயே திரும்பிடுவேன்" என்றார்.

போனோம். டீச்சர் கதவைத் திறந்து, யார் என்று ஒரு நிமிடம் புரியாமல் பார்த்து, "வாங்க" என்றார். இளைத்திருந்தார். கூடத்தில் அந்த அலமாரியும் தொட்டியும் அப்படியே இருந்தன. தொட்டியின் அடியில் கூழாங்கற்கள் காய்ந்து வெளுத்துக் கிடந்தன. எதிரே தபால்காரரின் நாற்காலி. நாங்கள் அதில் உட்காராமல் ஓரமாக நின்றோம்.

டிஷ்யூ அண்ணன் பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினார். டீச்சர் வாங்கிப் படித்தார்.

"நீங்க போன் பண்ணீங்க. வியாழக்கிழமை வர்றேன்னு சொன்னேன். வரல."

"ஆமா" என்றார் டீச்சர். "அன்னைக்கு அரை நாள் லீவு போட்டுட்டு உக்காந்திருந்தேன். ஏன் வரல?"

"சாப்பிட்டுட்டு கொஞ்சம் படுத்தேன். தூங்கிட்டேன். எழுந்தப்போ அஞ்சு மணி. நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன். வந்திருந்தா ஒரு டிஷ்யூ வச்சுக் கண்டுபிடிச்சிருப்பேன்."

யாருக்காவது உடம்பு சரியில்லை, வண்டி ரிப்பேர், இப்படி ஏதாவது ஒன்றை டீச்சர் எதிர்பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். தூங்கிட்டேன் என்றதும் சீட்டை நாலாக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"சனிக்கிழமை எனக்கு ஸ்பெஷல் கிளாஸ்" என்று மெதுவாக ஆரம்பித்தார். "பதினோரு மணிக்கு வந்தேன். கூடமெல்லாம் தண்ணி. சமையக்கட்டு வாசல்ல விழுந்து கிடந்தார். பக்கத்துல பக்கெட். பேச முடியல, ஆனா கையைத் தூக்கிச் சுவத்தைக் காட்டினார். என்னன்னு பாத்தா ப்ளக்கைப் பிடுங்கி வச்சிருக்கார். அதை நான் கவனிக்கணுமாம். நீங்க சொல்லிக் கொடுத்ததுதானே. அதுக்கப்புறம்தான் பக்கெட் எடுக்கப் போயிருக்கார்."

டிஷ்யூ அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

டீச்சர், "வந்ததுதான் வந்தீங்க. எங்கே ஒழுகுச்சு, எதனால ஒழுகுச்சுன்னு பாத்துச் சொல்லிட்டுப் போங்க. ஒரு கணக்கு பாதியில நிக்குற மாதிரியே இருக்கு எனக்கு. படுத்தா தூக்கம் வரல" என்றார்.

டிஷ்யூ அண்ணன் தரையில் மண்டியிட்டார். கற்களை வாரி ஒரு பாத்திரத்தில் போட்டார். தொட்டியைத் துடைத்தார், அலமாரியைத் துடைத்தார். நான் குவளையில் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கக் கொடுக்க, நாலு விரல் உயரத்துக்கு ஊற்றினார். டேப் ஒட்டினார். டிஷ்யூவைக் கிழித்து மூலை மூலையாக வைத்தார். பிறகு மூன்று பேரும் காத்திருந்தோம்.

காத்திருக்கும்போது சும்மா இருக்க முடியாமலோ என்னவோ, டீச்சர் பேசிக்கொண்டே இருந்தார். வீட்டுக்காரருக்கு எந்த மீன் பிடிக்கும், எத்தனை மணிக்கு எழுந்து நாற்காலிக்கு வருவார் என்றெல்லாம். "அந்த பம்ப் சத்தம்தான் அவருக்கு ஆகல. உம்முன்னு ஒரே இரைச்சல், தலைவலிக்குதுன்னு சொன்னார். நான்தான் ஆணியிலருந்து கழட்டி, கீழே அலமாரிக்குள்ள வச்சுக் கதவைச் சாத்தினேன். அதுக்கப்புறம் சத்தமே இல்ல. நிம்மதியா இருக்குன்னு சொன்னார். அந்த ஒரு நல்ல காரியமாவது அவருக்குப் பண்ணேன்."

சுவரைப் பார்த்தேன். ஆணி மட்டும் இருந்தது. டிஷ்யூ அண்ணன் தலையைத் தூக்கவே இல்லை. அலமாரியின் கதவைத் திறந்து உள்ளே குனிந்தார். நானும் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். பம்ப் கீழ்த்தட்டில் இடது மூலையில் இருந்தது. ட்யூப் நெடுகத் தண்ணீர் இறங்கி இறங்கிக் காய்ந்த வெள்ளைக் கோடு. பம்ப்பின் அடியில் பலகை தண்ணீரில் போட்ட ரொட்டி மாதிரி ஊதி, உதிர்ந்து, அந்தப் பக்கக் கால் ஒரு விரல் கனத்துக்கு உட்கார்ந்து போயிருந்தது.

அந்த மாதங்களில் தினம் இரண்டு தரமாவது கரண்ட் போய் வந்தது. போகும்போதெல்லாம் தண்ணீர் ட்யூப் வழியாகத் திரும்பி, கொஞ்சம் கொஞ்சமாகப் பலகையில் சொட்டியிருக்கிறது. பலகை ஊறி ஒரு பக்கம் இறங்க, நூற்றைம்பது கிலோ தொட்டி முறுக்கிக்கொண்டு, இடது பின் மூலையில் ஒட்டு விட்டுவிட்டது. எங்கள் வேலை தெரிந்தவர்களுக்கு இதில் புரியாமல் போக ஒன்றுமில்லை. மேலே இருக்க வேண்டும் என்று இவர் தபால்காரரிடம் சொன்னபோது டீச்சர் உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தார். தபால்காரர் மறந்திருப்பார். அல்லது சொல்ல நினைத்து வாய் வராமல் விட்டிருப்பார்.

இடது பின் மூலையில் இருந்த டிஷ்யூ கறுத்துவிட்டது.

"தெரிஞ்சுதா?" என்று டீச்சர் கேட்டார்.

டிஷ்யூ அண்ணன் அலமாரிக் கதவைச் சாத்திவிட்டு எழுந்தார். முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"இந்த மூலைதான் டீச்சர். ஒட்டு விட்டிருக்கு."

"எதனால?"

"நான் ஒட்டினது சரியில்ல. பழைய பசை இருந்த இடத்தைச் சரியா சுரண்டாம மேலேயே புதுசு போட்டிருக்கேன். அது பிடிக்காது. அவசரத்துல பண்ணின வேலை."

"அப்போ அந்த ஈரம்?"

"அதுவும் இங்கேருந்துதான். முதல்ல கசிஞ்சிருக்கு. அப்புறம் மொத்தமா விட்டுடுச்சு."

அது புதுக் கண்ணாடியில் ஒட்டிய தொட்டி. பழைய பசை எங்கிருந்து வரும்? நான் வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன்.

டீச்சரின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. அதுவரை களைத்துப்போன முகமாக இருந்தது, இப்போது கோபம் ஏறியது. கத்தவில்லை. வகுப்பில் பேசுவது போல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "ஒட்டவும் ஒழுங்கா ஒட்டல. வர்றேன்னு சொல்லிட்டு வரவும் இல்ல. தூங்கியிருக்கீங்க."

"ஆமா டீச்சர்."

"இதையெல்லாம் எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க. அலமாரி, எல்லாத்தையும். இனிமே இந்த வீட்டுப் பக்கம் வராதீங்க."

கடை வண்டியைக் கொண்டுவந்து ஏற்றினோம். பம்ப்பைத்தான் முதலில் எடுத்து, ட்யூபைச் சுருட்டி, தன் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அலமாரியைத் தூக்கும்போது அந்த ஊறிய கால் தன் பக்கமாக வரும்படி பார்த்துப் பிடித்தார். டீச்சர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

தெருமுனை தாண்டியதும் கேட்டேன். "ஏன் அண்ணே அப்படிச் சொன்னீங்க?"

ஒரு சிக்னலில் நின்றபோதுதான் பேசினார். "பாவம், பம்ப்பைக் கீழே வச்சதுதான் அவருக்குத் தான் பண்ணின ஒரே நல்ல காரியம்னு சொல்லுதும்மா அந்தம்மா. அதைப் போய் நான் எப்படிப் பிடுங்குறது?"

"அதுக்காக உங்க தலையில போட்டுக்கணுமா? உங்க வேலையில ஒரு குத்தமும் இல்லையே."

"வியாழக்கிழமை போயிருந்தா கதவைத் திறந்ததுமே கண்டுபிடிச்சிருப்பேன். அந்தக் குத்தம் எனக்குப் போதும், அதோட இதுவும் கிடக்கட்டும். அந்தம்மா தனி ஆளு. இன்னும் இருபது வருஷம் அந்தக் கூடத்துலதான் உக்காந்திருக்கணும். எனக்குன்னா வீட்ல சொல்லி அழ ஒரு ஆள் இருக்கு."

யாரிடமும் சொல்லக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார்.

டீச்சர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவர் இல்லை. ஆனால் பக்கத்து வீட்டம்மா கேட்டிருப்பார், டீச்சர் சொல்லியிருப்பார். அது போதுமே. "டிஷ்யூ ஒட்டின டேங்க் ஒழுகி ஒரு ஆள் செத்துட்டாராமே" என்று கடைக்கு வருகிறவர்களே என்னிடம் கேட்டார்கள். முதலாளி அவரைக் கூப்பிட்டு உண்மையா என்று விசாரித்தார். உண்மைதான் என்றார். மூன்று வாரத்தில் ஒட்டுவதற்கு வேறு ஆள் வந்துவிட்டான். இவரைத் தொட்டி கழுவும் வேலையில் போட்டார்கள். இருபத்தாறு வருடம் கண்ணாடி பிடித்த கை, காலையிலிருந்து சாயங்காலம் வரை பாசி தேய்த்தது. புது ஆள் ஒட்டிய தொட்டி ஒழுகினால்கூட இவர் கிட்டே போகமாட்டார். நான் போய்க் கேட்டால் மட்டும், "பின்பக்கம் குழாய் சேருற இடத்தைப் பாக்கச் சொல்லு" என்று தாழ்ந்த குரலில் சொல்வார். அது சரியாக இருக்கும்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருந்தார். யார் காற்று பம்ப் வாங்கினாலும், தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் சின்ன வால்வு ஒன்றைச் சேர்த்துக் கொடுத்து, பம்ப்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலேதான் வைக்க வேண்டும் என்று வீட்டில் இருக்கிற அத்தனை பேருக்கும் சொல்லச் சொல்லி அனுப்பு என்பார். ஒருத்தரிடம் சொன்னால் போதாது என்பார். நான் பையில் போடும்போது மறந்தால், பின்னாலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு தானே வந்து சொல்லிவிட்டுப் போவார்.

நாலு வருடம் அப்படியே போனது. தண்ணீரிலேயே நின்று நின்று கால் வீங்கியது. வேலையை விட்டு வீட்டில் இருந்துவிட்டார். இந்த வருடம் மழை ஆரம்பித்தபோது, ஒரு நாள் மத்தியானத் தூக்கத்திலேயே போய்விட்டார்.

சாவுக்குப் போனேன். அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணியைப் பார்க்கத் தனியாகப் போனேன். அண்ணி அவர் சட்டைகளை எடுத்துக் கட்டிலில் பரப்பி வைத்திருந்தார். எத்தனை துவைத்தும் அந்த வாசனை போகவில்லை என்றார். பேச்சு அங்கே சுற்றி இங்கே சுற்றிக் கடைசியில் டீச்சர் வீட்டுக்கு வந்து நின்றது.

"எவ்வளவு நல்லா வேலை செஞ்ச மனுஷன். அந்த ஒரு வீட்டுல கை தவறிடுச்சு. அதோட எல்லாம் போச்சு. எங்க அக்கா வீட்டு விசேஷத்துல எல்லார் முன்னாடியும் கேட்டாங்க, உன் வீட்டுக்காரர் ஒட்டினதுதானாமேன்னு. எனக்குத் தாங்கல. வீட்டுக்கு வந்து, ஒழுங்கா ஒரு மூலையை ஒட்டத் தெரியாதா உங்களுக்குன்னு கேட்டுட்டேன். அப்புறமும் சண்டை வந்தா அதைத்தான் எடுப்பேன். ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லமாட்டார்."

நான் திடுக்கிட்டுப்போனேன். சொல்லி அழ ஆள் இருக்கிறது என்று சொன்னவர், அண்ணியிடம் சொல்லவே இல்லை.

வாக்குக் கொடுத்தது யாரிடமோ அவரே போய்விட்டார். அண்ணியாவது அவர் கையைப் பற்றித் தப்பாக நினைக்காமல் இருக்கட்டும் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஆணி, பம்ப், ஊறிய பலகை, டீச்சர் கேட்டது, அவர் சொன்னது, சிக்னலில் நின்று பேசியது, ஒன்று விடாமல் சொன்னேன்.

அண்ணி ஒரு சட்டையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "அப்போ ஒட்டினதுல ஒண்ணும் தப்பில்லையா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லை அண்ணி."

"நாலு வருஷம் குத்திக் காட்டியிருக்கேன்" என்றார். "ஒரு தடவை சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது சொன்னேன். பாதியில எழுந்து கை கழுவிட்டுப் போனார். கோபம்னு நினைச்சேன்."

அப்போதுதான் நான் செய்த காரியம் எனக்கே உறைத்தது. ஒரு பெண் தூங்க வேண்டும் என்று அவர் சுமந்ததை, நான் கொண்டுவந்து இன்னொரு பெண்ணின் மடியில் இறக்கிவிட்டேன். அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறென்ன செய்வது?

"டீச்சர் எப்படி இருக்காங்க?" என்று அண்ணி கேட்டார்.

"ரிட்டையர் ஆகிட்டாங்க. போன மாசம் காய்கறிக் கடையில பாத்தேன். என்னை அடையாளம் தெரியல. வீட்டுல பத்து பிள்ளைங்களுக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கிறாங்களாம்."

"நீ ஒண்ணும் சொல்லிடலையே?"

"இல்லை அண்ணி."

"சொல்ல வேண்டாம்" என்றார். "அந்தம்மா நல்லா இருக்கட்டும்."

பிறகு எழுந்து, சட்டைகளை ஒவ்வொன்றாக மடிக்க ஆரம்பித்தார். நானும் கூட உட்கார்ந்து மடித்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் அண்ணியைப் பார்க்கப் போகிறேன். சில நாள் நிறையப் பேசுவார். சில நாள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். நானும் பக்கத்தில் இருந்துவிட்டு வருகிறேன்.